கண்ணாயிரத்தை விடுங்கள், வரைபடத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள்

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதை விளையாட்டை நடத்துகிறேன், ஆட்டத்தை நடத்திக் கதை சொல்லும் டிஎம் நான்தான். அவர்களுக்காக எழுதிய ஒரு சாகசத்தை 64 பக்கப் புத்தகமாக்கியிருக்கிறேன். பாழடைந்த துறைமுகம், யாளி, கொள்ளிவாய்ப் பிசாசு என்று சரக்கெல்லாம் நம் ஊருடையது, விதிகள் மட்டும் ஐந்தாம் பதிப்பு. முதலில் ஆங்கிலத்தில் பிடிஎஃப் ஆக விற்க ஆசை, பிறகு தமிழிலும். இந்த விளையாட்டின் விதிகளைப் பிறர் பயன்படுத்த விடும் ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசென்ஸ்) உரிமத்தைக் கடைசிப் பக்கத்தில் அப்படியே ஒட்டிவிட்டேன், போதுமா? விளையாட்டில் வரும் பல கண் பிராணியான பிஹோல்டர் போல ஒன்று வருகிறது, பெயரைக் கண்ணாயிரம் என்று மாற்றியாகிவிட்டது. என் புத்தகத்தையும் ஓப்பன் லைசென்ஸில் விடச் சொல்கிறான் ஒரு நண்பன். விட்டால் யாராவது திருடிவிட மாட்டார்களா? காப்புரிமை எப்படி வாங்குவது? படங்களும் வரைபடமும் இன்னொரு நண்பர் வரைந்தவை, அதில் பிரச்சினை இல்லை. மாதிரிக்கு 12 பக்கம் இணைத்திருக்கிறேன் மேடம்.

பதில்: "அதில் பிரச்சினை இல்லை" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, எனக்குப் பிரச்சினை தெரிவதே அந்த வரியில்தான். ஓஜிஎல், பிஹோல்டர் இரண்டும் ஒரு வார இறுதியில் திருத்திவிடக்கூடியவை. இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே போகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

முதலில் ஒரு சொல் தகராறு. பத்திரிகைகளே காப்புரிமை என்று இரண்டுக்கும் எழுதி எழுதிப் பழக்கிவிட்டன. காப்புரிமை என்றால் பேட்டன்ட், கண்டுபிடிப்புக்கு விண்ணப்பம் போட்டு வாங்குவது. உங்களுக்கு வேண்டியது பதிப்புரிமை, அதை வாங்க எங்கேயும் போக வேண்டாம், எழுதி முடித்த நிமிடமே அது உங்களிடம் வந்துவிடுகிறது. நம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவு கட்டாயம் இல்லை. எழுத்துப் படைப்பைப் பதிவு செய்ய 500 ரூபாய் கட்டணம், பின்னால் சண்டை வந்தால் ஒரு சாட்சியாக நிற்கும். நேரம் இருந்தால் செய்துவைக்கலாம்.

சரி, விதிகளுக்கு வருவோம். இருபது முகப் பகடையை உருட்டு, திறன் எண்ணைக் கூட்டு, எதிராளியின் ஆர்மர் கிளாஸ் என்ற தற்காப்பு எண்ணைத் தொட்டால் அடி விழும். இந்த முறை யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879இல் பேக்கர் எதிர் செல்டன் வழக்கிலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டது. அது விளையாட்டு வழக்குகூட இல்லை, கணக்கப்பிள்ளை வழக்கு. செல்டன் என்பவர் புதுமாதிரியாகக் கணக்கு எழுதும் முறையை, கட்டம் போட்ட படிவங்களோடு புத்தகமாகப் போட்டார். பேக்கர் என்பவர் கட்டங்களைக் கொஞ்சம் மாற்றிப்போட்டுத் தானும் விற்றார். செல்டன் இறந்த பிறகு வழக்கு மேலே மேலே போய், கடைசியில் நீதிமன்றம் சொன்னது இதுதான்: அந்த முறையை விளக்கி எழுதிய வார்த்தைகள் செல்டனுடையவை, முறை எல்லோருக்கும் பொது. இப்போதைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு அதையே எழுத்தில் வைத்திருக்கிறது. இங்கே நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், ஒரு நாடகத்தையும் ஒரு சினிமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்றது.

அப்படியென்றால் உரிமமே வேண்டாமே என்று தோன்றும். கறாராகப் பார்த்தால், விதிகளையெல்லாம் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதினால் பெரும்பாலும் வேண்டாம்தான். ஆனால் யாரும் அப்படி எழுதுவதில்லை. மாதிரிப் பக்கங்களில் நீங்களும் எழுதவில்லை. 9ஆம் பக்கத்தில் வரும் மந்திர விளக்கத்தை என் அலமாரியில் இருக்கும் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற அவர்களின் விதிப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன், நான்கு வாக்கியம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பகடை முறையில் பேக்கர் வழக்கு உங்கள் பக்கம், அந்த நான்கு வாக்கியத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே, ஒரு மந்திரத்தின் விளைவு எங்கே முடிகிறது, அதை வர்ணிக்கும் நடை எங்கே தொடங்குகிறது என்பது எந்த வக்கீலும் சத்தியம் செய்து சொல்ல முடியாத சதுப்பு நிலம். பேங் என்ற சீட்டு விளையாட்டு பற்றிய வழக்கில் டெக்ஸஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் 2016இல் நகலெடுத்தவர் பக்கம் தீர்ப்பளித்தது உண்மை, ஆனால் சீட்டில் இருப்பது இரண்டு வரி, நம் புத்தகங்களில் இருப்பது பத்தி பத்தியாகக் கதை. சட்டம் தன் பக்கம் என்று நம்பிக் கோர்ட்டுக்குப் போவதற்கும் கோர்ட் பக்கமே போகாமல் இருப்பதற்கும் செலவில் உள்ள வித்தியாசம் உங்கள் புத்தகம் பத்து வருடம் விற்றாலும் வராத தொகை. உரிமம் அதற்குத்தான்.

இனி ஓஜிஎல். நீங்கள் ஒட்டியிருப்பது 1.0ஏ, 2000ஆம் ஆண்டில் பிறந்தது. அதற்கு முன்னால் இந்த விளையாட்டை வைத்திருந்த டிஎஸ்ஆர் நிறுவனம், பக்கத்துக் கடைக்காரன் துணைப் புத்தகம் போட்டாலே முறைக்கும். மேஃபேர் கேம்ஸோடு 1990களின் தொடக்கத்தில் கோர்ட் வரை போனார்கள். 1997இல் கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அங்கே இருந்த ரயன் டான்சி, கட்டற்ற மென்பொருள் உலகத்தைப் பார்த்துவிட்டு, நேர் எதிராக யோசித்தார்: ஊரில் இருப்பவர்கள் எல்லாம் நம் விதிக்குச் சாகசம் எழுதட்டும், அதை விளையாட நம் அடிப்படைப் புத்தகத்தைத்தானே வாங்கியாக வேண்டும்? நீங்கள் மென்பொருள்காரர், இந்தக் கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். கணக்கு பலித்தது, ஒரு பக்க விளைவோடு. 2008இல் விஸார்ட்ஸ் நான்காம் பதிப்பைக் கொண்டுவந்து கெடுபிடியான வேறு உரிமத்தை வைத்தபோது, பைஸோ நிறுவனம் பழைய பதிப்பின் விதிகளை அதே ஓஜிஎல்லின் கீழ் எடுத்து 2009இல் பாத்ஃபைண்டர் என்று தனிக்கடை போட்டுவிட்டது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 2023 ஜனவரியில் ஆட்டம் கண்டது. ஓஜிஎல் 1.1 என்ற வரைவு மாதத் தொடக்கத்தில் வெளியே கசிந்தது. வருடத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால் மேலே வரும் தொகையில் 25 சதவீதம் ராயல்டி, நீங்கள் எழுதியதை விஸார்ட்ஸும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய 1.0ஏ இனிமேல் அங்கீகரிக்கப்பட்ட உரிமம் இல்லை. கடைசி வரிதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. இது எப்படி முடியும் என்றால், பழைய உரிமத்தில் நிரந்தரமானது என்ற சொல் இருக்கிறது, திரும்பப்பெற முடியாதது என்ற சொல் இல்லை, அதன் 9ஆம் பிரிவு அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்கிறது. அங்கீகரித்தவன் அங்கீகாரத்தை எடுக்கலாமே என்பது அவர்கள் வாதம். நிற்குமா நிற்காதா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இணையச் சந்தாவை ரத்து செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அவசரமாக ஒரு மாற்று வரைவு வந்தது, கருத்துக் கணிப்பு நடத்தினார்கள், பதில் சொன்னவர்களில் 88 சதவீதம் பேர் அதன் கீழ் புத்தகம் போட மாட்டோம் என்றார்கள். ஜனவரி 27ஆம் தேதி விஸார்ட்ஸ் பழைய உரிமத்தைத் தொடவில்லை என்று பின்வாங்கியதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்த எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம் முழுவதையும், பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பை 4.0 உரிமத்தில் விட்டுவிட்டது. ஒரு வக்கீலாக நான் அசந்துபோன நாள் அது. சிசி பை உரிமத்தில் திரும்பப்பெற முடியாதது என்ற சொல் நேரடியாகவே இருக்கிறது, அந்த உரிமத்தை எழுதி வைத்திருப்பது விஸார்ட்ஸும் இல்லை, வேறு அமைப்பு.

ஆக, உங்கள் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். ஓஜிஎல் செத்துவிட்டது என்பதற்காக இல்லை, அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, உங்களுக்குத் தேவையில்லை என்பதற்காக. அதை ஒட்டினால் கூடவே சில கடமைகளும் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பகுதி திறந்த உள்ளடக்கம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும், 15ஆம் பிரிவில் நீங்கள் எடுத்தாண்ட ஒவ்வொன்றின் பதிப்புரிமை வரியையும் சேர்க்க வேண்டும், 7ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் அடுத்தவர் டிரேட்மார்க்கைச் சொல்லி 'அதோடு பொருந்தும்' என்று போடக்கூடாது. நீங்கள் முதல் இரண்டையும் செய்யவில்லை, மூன்றாவதை அட்டையிலேயே மீறியிருக்கிறீர்கள். உரிமத்தை ஒட்டியதாலேயே உரிமத்தை மீறிய வேடிக்கை. சிசி பையில் வேலை எளிது: எஸ்ஆர்டியின் முதல் பக்கத்தில் விஸார்ட்ஸ் கொடுத்திருக்கும் நன்றி அறிவிப்பு வாசகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் உங்கள் புத்தகத்தில் போடுங்கள், அவர்களைப் பற்றி வேறு வாசகம் எதையும் சேர்க்காதீர்கள், மாற்றியிருந்தால் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அட்டையில் ஐந்தாம் பதிப்போடு பொருந்தும் என்றோ 5இ என்றோ போட்டுக்கொள்ள அதே பக்கத்தில் அனுமதி இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரையும் அந்த டிராகன் சின்னத்தையும் அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். சிசி உரிமம் டிரேட்மார்க்கைத் தருவதில்லை.

இங்கே பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சிசி உரிமத்தில் இருப்பது எஸ்ஆர்டி மட்டும்தான், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மூன்று தடிப் புத்தகங்கள் இல்லை. எஸ்ஆர்டி 5.1 நானூறு பக்கத்துக்குச் சற்று மேல், பார்த்தால் எல்லாம் இருப்பது போலவே இருக்கும். ஆனால் வீரன், மந்திரவாதி போன்ற ஒவ்வொரு பாத்திர வகுப்புக்கும் ஒரே ஒரு துணைவகுப்பு, பாத்திரத்தின் பின்னணி என்றால் அக்கோலைட் ஒன்றுதான், ஃபீட் என்ற சிறப்புத் திறன் என்றால் கிராப்ளர் ஒன்றுதான். உங்கள் கொள்ளைக்காரத் தலைவனுக்கு லக்கி ஃபீட் கொடுத்திருக்கிறீர்களே, அது அதில் இல்லை. மந்திரங்களிலும் அப்படித்தான், பிக்பீ, மெல்ஃப், டென்ஸர், மார்டன்கைனன் என்ற மந்திரவாதிகளின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வெளியே விட்டிருக்கிறார்கள். பிக்பீஸ் ஹேண்ட் அங்கே ஆர்கேன் ஹேண்ட், மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ வெறும் ஆசிட் ஆரோ. 2024இல் வந்த திருத்திய விதிகளுக்கு எழுதுவதாக இருந்தால் 2025 ஏப்ரலில் வெளியான எஸ்ஆர்டி 5.2 தனியாக இருக்கிறது, அதுவும் சிசி பைதான், நன்றி வாசகம் மட்டும் வேறு. ஏதாவது ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் புத்தகத்தில் வரும் ஒவ்வொரு மந்திரத்தையும் பிராணியையும் அதில் தேடுங்கள். இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூளையில் இருந்து எழுதுங்கள். அலுப்பான வேலை, தேநீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு ஞாயிறு ஆகும், அந்த வாரம் ஆட்டம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கண்ணாயிரம். பெயரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன், எங்கள் தெருவில் அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார். ஆனால் 34ஆம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது என்ன? காற்றில் மிதக்கும் உருண்டை, நடுவில் மந்திரத்தை முறிக்கும் ஒற்றைக் கண், தலையில் பத்துக் காம்பு, காம்புக்கு ஒரு கண், கண்ணுக்கு ஒரு கதிர். பிஹோல்டருக்குத் தமிழில் பெயர் சூட்டு விழா நடத்தியிருக்கிறீர்கள். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேஸர் பீஸ்ட், கித்யாங்கி, யுவான்டி போன்ற சிலவற்றை மட்டும் தங்கள் சொந்தச் சொத்து என்று விஸார்ட்ஸ் ஓஜிஎல் காலத்திலிருந்தே தனியாக எடுத்து வைத்திருக்கிறது, எஸ்ஆர்டியில் அவற்றின் ஸ்டாட் பிளாக், அதாவது ஆட்டத்துக்கான எண் விவரம், கிடையாது. பறக்கும் கண் என்ற கருத்து பொதுதான். அந்த எல்லா உறுப்பும் அதே வரிசையில் சேர்ந்தால் அது கருத்து இல்லை, ஒருவருடைய படைப்பு.

இந்த விளையாட்டே இந்த வழியாக வந்ததுதான் என்பது வேடிக்கை. 1974இல் வந்த முதல் பதிப்பில் ஹாபிட், என்ட், பால்ராக் எல்லாம் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனிடமிருந்து அப்படியே இறங்கியிருந்தன. உரிமை வைத்திருந்தவர்கள் தரப்பிலிருந்து எச்சரிக்கை வந்ததும் ஹாஃப்லிங், ட்ரியன்ட், பேலார் ஆயின. அவர்கள் அன்று பெயர் மாற்றித் தப்பித்தார்களே, நான் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். குட்டையான மனிதன், நடக்கும் மரம் இரண்டும் ஊர் ஊருக்கு இருக்கும் பழங்கதை, பெயரை எடுத்தால் மிச்சம் இருப்பது பொதுச்சொத்து. பிஹோல்டரிடம் பெயரை எடுத்தாலும் மிச்சம் இருப்பது பிஹோல்டர்தான்.

ஆயிரம் கண்ணுக்கு நம்மிடம் பஞ்சமா? கௌதமர் சாபத்தில் இந்திரனுக்கு உடம்பெல்லாம் கண். மாரியம்மன் ஆயிரங்கண்ணுடையாள். அம்மை கண்டு தேறியவர்கள் நேர்ந்துகொண்டு ஆயிரங்கண் பானை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், உடம்பெல்லாம் துளையிட்ட மண்பானை. இருட்டான துறைமுகக் கிட்டங்கியில், உள்ளே நெருப்பு எரிய, துளை துளையாக வெளிச்சம் சுவரில் ஊர்ந்துபோக, ஒரு பானை தானாக உருண்டு வருகிறது, எந்தத் துளையின் வெளிச்சம் மேலே படுகிறதோ அதற்கொரு விளைவு, உடைத்தால் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாகப் பார்க்க ஆரம்பிக்கும். நான் ஒன்றும் கதாசிரியர் இல்லை, ஐந்து நிமிடத்தில் எனக்கே இவ்வளவு தோன்றினால் உங்களுக்கு எவ்வளவு தோன்றும்? (சாமி விஷயம், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.) பிஹோல்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் டிஎம்ஸ் கில்ட் என்ற விற்பனைத் தளம் இருக்கிறது, அங்கே விஸார்ட்ஸின் பிராணிகளையும் பயன்படுத்தலாம், ஆனால் விலையில் பாதிதான் உங்களுக்கு, அங்கே போட்டதை வேறெங்கும் விற்க முடியாது. நான்கு வருடம் கட்டிய துறைமுகத்தை ஒரு கண்ணுக்காக அங்கே கொண்டுபோய்ப் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொள்ளிவாய்ப் பிசாசு, யாளி இரண்டும் யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிசாசின் வர்ணனைக்குக் கீழே ஒரு நாட்டார் கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது என்று நேர்மையாகக் குறிப்பு போட்டிருக்கிறீர்கள். கதை ஊருடையது, அந்த வாக்கியங்கள் தொகுத்தவருடையவை, அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் வரை அப்படித்தான். செல்டனின் கணக்குப் புத்தகம் மாதிரியேதான் இதுவும். கதையை உங்கள் பாட்டியிடம் கேட்டமாதிரி உங்கள் வார்த்தையில் மறுபடி சொல்லுங்கள்.

இப்போது உங்கள் ஓவிய நண்பர். எட்டாயிரம் ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன் என்று கடிதத்தின் பின்குறிப்பில் இருந்தது. காசு கொடுத்தால் படம் நம்முடையது என்று நாட்டில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள், சட்டம் பாதி மட்டும் ஒத்துக்கொள்கிறது. நம் சட்டத்தின் 17ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பணம் பெற்று எடுத்த புகைப்படம், தீட்டிய ஓவியம் அல்லது உருவப்படம், செதுக்குவேலை, திரைப்படம் இவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அட்டை ஓவியம் இதற்குள் வந்துவிடும் என்று வாதாடலாம். வரைபடம்? அதே சட்டம் கலைப்படைப்பு என்றால் என்ன என்று சொல்லும்போது வரைபடத்தை ஓவியத்திலிருந்து பிரித்து, கோட்டுப்படங்களோடு சேர்த்து வைக்கிறது, 17ஆம் பிரிவிலோ கோட்டுப்படம் என்ற பேச்சே இல்லை. ஆக உங்கள் புத்தகத்தின் நடுப்பக்கத்தை நிறைத்திருக்கும் அந்த அழகான துறைமுக வரைபடம் இன்றைய தேதியில் நண்பருடையது என்றே நான் எடுத்துக்கொள்வேன். நட்பாக இருக்கும்வரை எதுவும் ஆகாது. புத்தகம் நன்றாக விற்றால்தான் ஆகும்.

சரி, எழுதி வாங்கிவிடலாம் என்றால் அதிலும் ஒரு பொறி. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. நீங்களோ அமெரிக்கத் தளத்தில் உலகம் முழுக்க விற்கப்போகிறீர்கள். "இந்தப் படங்களின் உரிமையை இன்னாருக்குத் தருகிறேன்" என்று நல்ல மனதோடு எழுதிய ஒரு வரிக் கடிதம், விற்பனை நடக்கும் இடத்தில் செல்லாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன விளையாட்டுப் புத்தகம் போட்டோம். ஒப்பந்தம் எழுதியது நான்தான், வக்கீலாயிற்றே. காலத்தைப் போட்டேன், ராயல்டியைப் போட்டேன், தேசத்தைப் போட மறந்துவிட்டேன். மூன்றாம் வருடம் வெளிநாட்டுப் பதிப்பாளர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டபோது ஓவியரைத் தேடிப் போனால் அவர் எண்ணை மாற்றிக்கொண்டு, ஊரை மாற்றிக்கொண்டு, ஒருவழியாகக் கிடைத்தபோது நியாயமாகவே புது விலை சொன்னார். பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் பதிப்பாளருக்கு ஆசை விட்டுப்போனது. ஓவியர் மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

எனவே ஒரு தாளில், ஒவ்வொரு படத்தையும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு, உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை, அச்சிலும் மின்வடிவிலும், மொழிபெயர்ப்புப் பதிப்புகளிலும், ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை போகாது, கொடுத்த தொகை இவ்வளவு, அவர் பெயர் புத்தகத்தில் இன்ன இடத்தில் வரும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை முழுசாக எழுதி வாங்க மனம் வராவிட்டால் உரிமம், அதாவது பயன்படுத்தும் அனுமதி, மட்டும் போதும், படம் அவருடையதாகவே இருக்கட்டும், தனியாக அச்சுப் போட்டு விற்றுக்கொள்ளட்டும். எட்டாயிரத்துக்கு அதுதான் நியாயமும்கூட. அதையும் இதே விவரங்களோடு எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் புத்தகத்தைத் திறந்துவிடுவதா என்ற கேள்விக்கு நண்பன் சொல்வதில் பாதி சரி. சிசி பையில் எடுத்ததால் நீங்களும் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுத்தவரும் அதே உரிமத்தில் விட வேண்டும் என்கிற ஷேர்அலைக் என்ற வால் இருந்தால்தான் அந்தக் கட்டாயம், உதாரணமாக கெய்ர்ன் என்ற வேறொரு விளையாட்டின் விதிகளை வைத்து எழுதியிருந்தால் அது பொருந்தும். பைஸோ முன்னின்று 2023இல் கொண்டுவந்த ஓஆர்சி உரிமம் இன்னொரு ரகம், விதி சார்ந்தவை தானாகவே எல்லோருக்கும் திறந்துவிடும், கதையும் பெயர்களும் படமும் உங்களிடமே இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அவர்கள் பாத்ஃபைண்டரை ஓஜிஎல்லிலிருந்து பிரித்து அதற்கு மாற்றப் பட்ட பாட்டைப் பாருங்கள். நன்மை தீமை அணிகளைத் தூக்கினார்கள், மேஜிக் மிஸைல் என்ற மந்திரத்துக்குப் பெயர் மாற்றினார்கள், ட்ரோ என்ற பாதாள எல்ஃப் இனத்தைக் கதையை விட்டே அனுப்பிவிட்டார்கள், விதிப் புத்தகங்களைத் திருத்தி மறுபடி அச்சடித்தார்கள். தொடக்கத்தில் எடுக்கும் உரிம முடிவைப் பின்னால் மாற்றுவது என்றால் இவ்வளவு விலை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் புத்தகத்தை இரண்டாக வெட்டுவேன். யாளி, பிசாசு, பானை இவற்றின் ஸ்டாட் பிளாக், கடற்பயண விதி, அலை அட்டவணை எல்லாம் ஒரு பின்னிணைப்பில், சிசி பை என்று அதன் தலையிலேயே போட்டு. துறைமுகத்தின் கதை, ஆட்கள், பெயர், படம், வரைபடம் எல்லா உரிமையும் உங்களுடையது என்று முன்பக்கத்தில். யாளிக்கு நல்ல ஸ்டாட் பிளாக் ஒன்று திறந்து கிடைத்தால் அடுத்தவன் அதை எடுப்பான், எடுத்தால் உங்கள் பெயரைப் போட வேண்டும், ஒவ்வொன்றும் உங்கள் துறைமுகத்துக்கு ஓசியில் ஒரு விளம்பரத் தட்டி. திருட்டு பற்றிக் கேட்டீர்கள். பிடிஎஃப்பைத் தூக்கி டெலிகிராமில் போடுகிறவன் உரிமப் பக்கத்தைப் படித்துவிட்டுச் செய்வதில்லை, எந்த உரிமம் போட்டாலும் செய்வான். வணிகப் பயன்பாடு கூடாது என்ற என்சி வகையைப் போட்டால் தடுக்கப்படுவது அவன் இல்லை, உங்களைப் போலவே நூறு ரூபாய்க்குச் சாகசம் எழுதும் இன்னொருவர். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், விஸார்ட்ஸைக் கட்டிப்போட்ட அதே 'திரும்பப்பெற முடியாது' உங்களையும் கட்டும். சந்தேகம் இருக்கும் பக்கத்தைத் திறக்காதீர்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

தமிழ்ப் பதிப்பு பற்றி ஒரே வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் பிடித்தது. எஸ்ஆர்டியைத் தமிழில் பெயர்க்க யாரையும் கேட்க வேண்டாம், சிசி பையில் மொழிபெயர்ப்பும் அடக்கம், மொழிபெயர்த்திருக்கிறேன் என்ற குறிப்பும் நன்றி வாசகமும் போதும். உங்கள் தமிழ் வாக்கியங்களுக்கான பதிப்புரிமை உங்களுடையது. அதை மட்டும் தயவுசெய்து பூட்டாதீர்கள். ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டும் சேவிங் த்ரோவுக்கு ஒருவர் தப்பு உருட்டல் என்றும் இன்னொருவர் காப்பு வீச்சு என்றும் தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில், திறந்த ஒரு சொற்பட்டியல் இருந்தால் அடுத்து எழுத வருகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். (தப்பு உருட்டல் வேண்டாம், தவறாக உருட்டியதுபோல் கேட்கிறது.)

நான் சொன்னது இந்தியச் சட்டமும் பொதுவான அமெரிக்க நிலையும்தான். அங்கிருந்து நோட்டீஸ் ஏதாவது வந்தால் பதில் எழுதாமல் அங்குள்ள வக்கீலைப் பாருங்கள். சிசி உரிமத்தில் தவறு தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்பிவிடும், எனவே பதற வேண்டாம்.

அப்புறம், 52ஆம் பக்கத்தில் வரும் ஒற்றைக் கால் மாலுமிப் பெண், பின்குறிப்பில் சொன்னபடி பார்த்தால், உங்கள் மேசையில் விளையாடும் தோழி இரண்டு வருடமாக நடத்திவந்த பாத்திரம். பெயர், கால் போன கதை, அந்தக் கிளி எல்லாம் அவர் எழுதிக் கொடுத்தது. ஓவியருக்கு ஒரு தாள் என்றேன், இரண்டாக எடுத்துவையுங்கள். கிளிக்கும் சேர்த்து.